பக்கத்து அலமாரி

புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயது எதுவாகவும் இருக்கலாம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்க நூலகம் வந்து, மேசையில் கிடந்த கதைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த பிள்ளையாக இருக்கலாம். பணி ஓய்வுக்குப் பிறகு பொழுது போகாமல் வந்தவராகவும் இருக்கலாம். நான் கோவில்பட்டி வட்டாரத்துக் கிளை நூலகங்களில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். யார் எதை எடுத்துப் போகிறார்கள், எதைப் பாதியில் திருப்பித் தருகிறார்கள், யார் மூன்று மாதத்தில் காணாமல் போகிறார்கள் என்பதை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததில் கற்றதுதான் அதிகம். “நல்ல புத்தகம் ஒண்ணு குடுங்க சார்” என்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: “கடைசியா எந்தப் புத்தகத்தால தட்டுல சோறு ஆறிப்போச்சு?” அந்தப் பதிலிலிருந்துதான் எவரும் வாசிக்கத் தொடங்க முடியும் என்பது என் கட்சி. கீழே எண் போட்டுச் சொல்வதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. இதே வரிசையில்தான் பின்பற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை.

1. பிடித்தது எதுவென்று வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ராஜேஷ்குமார் பிடிக்கும் என்றால் ராஜேஷ்குமார். ரமணிசந்திரன் என்றால் ரமணிசந்திரன். இரும்புக்கை மாயாவி என்றால் அதுவும் சரி; 1972இல் முத்து காமிக்ஸ் அந்த மாயாவியைச் சிவகாசியிலிருந்து அனுப்பத் தொடங்கியபோது, எங்கள் பக்கத்தில் எத்தனையோ பையன்களுக்கு எழுத்துக்கூட்டும் பழக்கம் போய் சரளமாக வாசிக்க வந்தது அவனால்தான். பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கிய மாத நாவல்களுக்கும் அந்தப் பெருமை உண்டு. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கி, கை மாற்றி, அட்டை பிய்ந்த பிறகும் படித்ததைக் கண்டிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு கூட்டம். எங்கோ ஒரு ‘சிறந்த நூறு நாவல்கள்’ பட்டியலைப் பார்த்து, முதல் எண்ணிலிருந்து தொடங்குவேன் என்று வருவார்கள். மூன்றாவது புத்தகத்தைத் திருப்பித் தர வேறு யாரையாவது அனுப்புவார்கள். பட்டியல் போட்டவர் நல்ல வாசகர்தான். ஆனால் அது அவருடைய பசிக்குச் சமைத்தது.

2. பிடித்த இடத்திலேயே உட்கார்ந்துவிடாமல் பக்கத்து அலமாரிக்கு நகருங்கள்.

என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது என்றால் அது இதுதான். ஒரு வகையில் ருசி கண்டவர் அங்கிருந்து நேரே மலையுச்சிக்குத் தாவ வேண்டாம். ஏற்கெனவே பிடித்துப்போன ஏதோ ஒன்று அடுத்த புத்தகத்திலும் இருக்க வேண்டும். புதிதாக ஒன்றும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம்.

கொலைக் கதை பிடித்தவருக்கு நான் அடுத்து எடுத்துக் கொடுப்பது பூமணியின் ‘வெக்கை’. 1982இல் வந்தது. அதிலும் கொலை இருக்கிறது. செய்தவன் யார் என்பதில் மர்மமில்லை. சிதம்பரம் என்ற சின்னப் பையன். பிறகு அவனும் அவன் அய்யாவும் காட்டிலும் ஓடையிலும் பதுங்கித் திரிகிறார்கள். யார் கொன்றது என்ற கேள்வியோடு வந்தவர், ஏன் கொல்ல நேர்ந்தது, இனி இவர்கள் எங்கே சோறு பொங்கித் தின்பார்கள் என்ற கேள்விக்கு அவரை அறியாமலே நகர்ந்திருப்பார். ‘அசுரன்’ படம் இந்த நாவலிலிருந்து வந்தது என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் உடனே கை நீட்டுகிறார்கள். அதனாலென்ன, நீட்டட்டும்.

சுஜாதாவின் கணேஷ், வசந்த் பிடித்தவர்களுக்கு அவருடைய ஸ்ரீரங்கத்துக் கதைகள். அதில் வரும் தெருக் கிரிக்கெட் பிடித்துப்போனால் அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. அங்கேயும் ஒரு பையன் கிரிக்கெட் ஆடுகிறான். ஆடுகிற ஊர் செகந்திராபாத், காலம் 1948, சமஸ்தானம் இந்தியாவோடு சேருவதற்கு முன்னும் பின்னுமான கலவர நாட்கள். கணேஷைத் தேடி வந்தவரை மூன்றாவது புத்தகத்தில் அசோகமித்திரனிடம் கொண்டுவந்து விட்டாயிற்று. நேரே கொடுத்திருந்தால், “ஒண்ணுமே நடக்கலியே சார்” என்று மறுநாளே மேசையில் வைத்திருப்பார்.

ரமணிசந்திரனிலிருந்து ‘லக்ஷ்மி’க்குப் போவது ஒரு எட்டு. அங்கிருந்து ஆர். சூடாமணி, பிறகு ராஜம் கிருஷ்ணன், அதற்கப்புறம் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. வீடும் கல்யாணமும்தான் எல்லாவற்றிலும் விஷயம். ஆனால் கடைசிப் புத்தகத்தை மூடும்போது அடுப்படி மேடையின் உயரத்தைக்கூட வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

‘பொன்னியின் செல்வ’னை முடித்தவர்களுக்கு ஒரு சோகம் வரும், ஐந்து பாகமும் தீர்ந்துபோயிற்றே என்று. உடனே ‘சிவகாமியின் சப’தத்தைத் தேடுவார்கள். தேடட்டும். நான் சொல்லும் பக்கத்து அலமாரி வரலாறு. கல்கி 1950 முதல் 1954 வரை அந்தத் தொடரை எழுதியபோது நீலகண்ட சாஸ்திரியையும் சதாசிவ பண்டாரத்தாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினார். சாஸ்திரியின் ‘சோழர்கள்’ தமிழிலும் கிடைக்கிறது. பண்டாரத்தார் தமிழிலேயே எழுதியவர். நாவலில் காட்டுக்குள் கூடிச் சதி செய்யும் ரவிதாசன் இருக்கிறானே, அவன் கல்கியின் கற்பனை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பறித்த விவரம் அதில் வருகிறது. ரவிதாசன் பெயரும் வருகிறது. இதைச் சொன்னதும் ஒரு வாசகர் விடுப்பு போட்டுவிட்டு அந்தக் கோயிலுக்கே போய் வந்தார். வந்தவுடன் கேட்டது பண்டாரத்தார் புத்தகம்.

3. தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை.

‘பிறகு: பூமணி’, ‘சூல்: சோ. தர்மன்’, ‘வேருக்கு நீர்: ராஜம் கிருஷ்ணன்’ என்று பத்து மணி நேரம் ஒப்பிக்கிறீர்கள். வேலைக்கு அது தேவை, ஒப்பித்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்து, தேர்வு முடிந்த மறுநாள் படியுங்கள். வினாத்தாளில் ஒரு வரியாகக் கிடந்த ‘சூ’லுக்குள் ஒரு கண்மாயும், அதை நம்பி வாழ்ந்த ஊர் முழுவதும் இருப்பதைப் பார்ப்பீர்கள்.

4. புத்தகத்தைப் பாதியில் வைக்கலாம்.

தாராளமாக வைக்கலாம். யாரும் அபராதம் போட மாட்டார்கள். ஆனால் அலுப்பு வேறு, சிரமம் வேறு. எதனால் வைக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலுப்பு என்றால் அடுத்த நொடியே மூடிவிடலாம். சிரமம் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கம்புணரியில் பிறந்து, பிழைப்புக்கு இந்தோனேசியாவின் மெடானுக்குப் போனவர் சிங்காரம். அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். இது புத்தகமாக வந்தது 1972இல். முதல் பக்கத்திலேயே மெடான் நகரத்துத் தெருவும், உள்ளே நுழையும் ஜப்பானியப் படையும். தெருப் பெயர் புரியாது, மலாய்ச் சொல் குறுக்கே வரும், செட்டியார் கடைக் கணக்குப் பேச்சு வரும். யார் யாரென்று நிதானிப்பதற்குள் காட்சி மாறிவிடும். பலர் இங்கேயே இறங்கிவிடுகிறார்கள். நான் சொல்வது: பெயர்களை நினைவில் வைக்க முயலாதீர்கள், புரியாத சொல்லைத் தாண்டிப் போங்கள், பாண்டியன் என்ற ஆளை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் மதுரைத் தெருக்களை நினைக்கும் இடம் வந்ததும் நாவல் உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால், வைத்துவிடுங்கள். சிங்காரம் கோபித்துக்கொள்ள மாட்டார். வாழ்ந்த காலத்திலேயே தன்னைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளாததைச் சகித்தவர் அவர்.

5. நேரம்.

“படிக்க நேரமில்லை” என்கிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. கணக்கு மட்டும் சொல்வேன். ஒரு நாளைக்கு 20 பக்கம்; 400 பக்க நாவல் 20 நாளில் முடிந்துவிடும். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அந்த 20 பக்கம் ஒரு வழிப் பயணத்திலேயே வந்துவிடும். ஜன்னலோர இடம் கிடைத்தால் போதும். போனைப் பைக்குள் போடுங்கள்.

6. நம் மண்ணிலிருந்து தொடங்கி அடுத்த மண்ணுக்குப் போங்கள்.

நான் கரிசல்காரன், பெருமை பேசாமல் இருக்க முடியாது. இடைசெவல் என்ற ஒரு சின்ன ஊரிலிருந்து கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று இரண்டு பேர், இருவருக்கும் சாகித்திய அகாதமி விருது. எங்கள் ஊர் வாசகர்களுக்கு ‘கோபல்ல கிராம’த்தைக் கொடுத்தால் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார்கள், “இது எங்க தாத்தா சொன்ன கதைல்லா” என்பார்கள். நீங்கள் கும்பகோணத்துக்காரர் என்றால் தி. ஜானகிராமனிலிருந்து தொடங்குங்கள். நாகர்கோவில் என்றால் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’. சொந்த ஊர்த் தெருவும் பேச்சும் புத்தகத்தில் அச்சாகி இருப்பதைப் பார்க்கும்போது வரும் குறுகுறுப்பு இருக்கிறதே, அது வாசிப்புக்கு நல்ல உரம்.

அடுத்த மண்ணின் பேச்சு முதலில் தடுமாற வைக்கும். தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, இலங்கைக்குப் போனால் கே. டானியலின் ‘பஞ்சமர்’. புதுச் செருப்பு நாலு நாள் கடிப்பதைப்போலத்தான். பிறகு காலில் இருப்பதே தெரியாது. தடுமாறும் இடத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கண்ணுக்குப் புரியாத வட்டாரப் பேச்சு காதுக்குப் புரிந்துவிடும். கரிசல் சொற்களுக்குச் சந்தேகம் வந்தால் கி.ரா.வே 1982இல் ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதி போட்டு வைத்திருக்கிறார். அகராதி என்று ஒதுக்க வேண்டாம், சில பதிவுகள் குட்டிக் கதை அளவுக்குச் சுவை.

கதை எழுதுவதற்காகவே ஓர் ஊருக்குப் போய்த் தங்கி, அங்குள்ளவர்களோடு பழகி எழுதிய ராஜம் கிருஷ்ணனையும் இந்த அலமாரியிலேயே வைப்பேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’ படித்துவிட்டு, எங்கள் பகுதியில் உப்பள வேலைக்குப் போய்வந்த ஓர் அம்மா, “யாரு தாயீ இந்த அம்மா, அளத்துல நின்னு பாத்தவுகளா?” என்று என்னிடம் விசாரித்தார்.

7. என் அலமாரி: தன்வரலாறு.

இவ்வளவு சொல்லிவிட்டு என்னுடைய ருசியை மறைப்பது நியாயமில்லை. எனக்கு நாவலைவிட, கவிதையைவிட, ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய புத்தகம்தான் பிடிக்கும். காரணம் கேட்டால், எனக்குக் கதையைவிடக் கூலி எவ்வளவு, சாப்பாட்டுக்கு என்ன, ஊருக்கு எப்படிப் போனார்கள் என்பதெல்லாம் தெரிய வேண்டும். நாவலாசிரியர்கள் இதையெல்லாம் தேர்ந்தெடுத்துத்தான் சொல்வார்கள். தன்வரலாறு எழுதுகிறவர் தன்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வந்து, இதையெல்லாம் போகிற போக்கில் கொட்டிவிட்டுப் போவார்.

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்திலிருந்து ஆரம்பியுங்கள். 1940இலிருந்து ஆனந்த விகடனில் வாரா வாரம் தொடராக வந்தது. 1942இல் அவர் காலமானதோடு நின்றுபோயிற்று. தடிமனைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். தொடராக வந்ததைத் தொடராகவே படியுங்கள்: ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். எளிய உரைநடை; எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஓடும்.

அதில் நீங்கள் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1880, கும்பகோணம். சாமிநாதையருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், கல்லூரித் தமிழாசிரியர். அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்கிறார் முதலியார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை எல்லாம் படித்ததுண்டா என்று விசாரிக்கிறார். இவர் படித்ததில்லை. அந்த ஒரு சந்திப்பிலிருந்துதான் ஏடு தேடல் தொடங்குகிறது; 1887இல் சிந்தாமணி அச்சில் வருகிறது; அதற்குப் பிறகு பத்துப்பாட்டு, சிலம்பு, புறநானூறு என்று ஒன்றன்பின் ஒன்று. ‘இன்னும் நான் இதைப் படிக்கவில்லையே’ என்று கூசுகிற புது வாசகர்கள் இந்த அத்தியாயத்தை இரண்டு தடவை படியுங்கள். தமிழ்த் தாத்தாவுக்கே 25 வயதில் சிந்தாமணி தெரியாது. பக்கத்து அலமாரியைக் காட்ட அவருக்கும் ஒருவர் தேவைப்பட்டார். காட்டியவர் புலவர்கூட இல்லை, ஒரு முன்சீப்.

அதன் பிறகு திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’, நாமக்கல் கவிஞரின் ‘என் கதை’. பிறகு, தள்ளிப் போடாமல், பாமாவின் ‘கருக்கு’. 1992இல் வந்தது, சின்னப் புத்தகம், ஒரே இரவில் முடிந்துவிடும். கே.ஏ. குணசேகரனின் ‘வடு’வும் அப்படித்தான். ‘என் சரித்திர’த்தில் குருகுலமும் மடமும் ஆதீனமும் பண்டிதர் கூட்டமும் வருகின்றன. ‘கருக்’கில் ஊரும் சேரியும் பள்ளிக்கூடமும் கன்னியர் மடமும். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், முதல் புத்தகத்தில் யார் யார் வாசல் தாண்டி வரவே இல்லை என்பது இரண்டாவதைப் படிக்கும்போதுதான் உறைக்கும். ஒரு தன்வரலாற்றை மட்டும் படித்துவிட்டு ‘அந்தக் காலம் இப்படித்தான் இருந்தது’ என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். குறைந்தது இரண்டு படித்திருக்க வேண்டும், அதுவும் வேறு வேறு தெருக்களிலிருந்து.

இந்த அலமாரியின் மூலையில் கனமான ஒரு வரிசை இருக்கிறது: ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்பு. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி, டூப்ளேயின் துபாஷி, 1736இலிருந்து 1761 வரை எழுதியது. வியாபாரம், படையெடுப்பு, யார் யாருக்கு என்ன மரியாதை, எந்தக் கப்பல் வந்தது, எல்லாம் இருக்கும். தொடக்கத்திலேயே இதைத் தொட வேண்டாம். பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டையும் முதலில் படியுங்கள். அந்த நாட்குறிப்பின் மேல் எழுப்பிய நாவல்கள் அவை. பிள்ளை என்ற மனிதரின் நடையுடை தெரிந்த பிறகு அவர் கைப்படப் பதிந்ததைப் புரட்டினால், பக்கத்து வீட்டுக்காரர் டைரி கையில் கிடைத்தாற்போல் இறங்கிப் படிப்பீர்கள்.

கடிதத் தொகுப்புகளும் இந்தப் பக்கம்தான். கு. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதியவை, புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதியவை. புதுமைப்பித்தன் கடிதங்களில் பாதி பணத் தட்டுப்பாடு. கதைகளில் அத்தனை பேரையும் நையாண்டி செய்தவர், மணியார்டர் அனுப்ப முடியாமல் தவிப்பதைப் படிக்கும்போது சிரிப்பு வராது.

8. மொழிபெயர்ப்பு என்றால் அட்டையைத் திருப்பி மொழிபெயர்த்தவர் பெயரைப் பாருங்கள்.

வெளிநாட்டு எழுத்தாளர் பெயரை மட்டும் பார்த்து எடுக்கிறவர்கள்தான் அதிகம். நமக்கு வந்து சேர்வது மொழிபெயர்த்தவரின் தமிழ். த.நா. குமாரசாமி தமிழில் தந்த ‘ஆரோக்கிய நிகேதன’த்தைப் படித்துப் பாருங்கள்: தாராசங்கர் பந்தோபாத்யாய வங்காளத்தில் எழுதியது, நாடி பிடித்தே சாவைச் சொல்லிவிடும் ஒரு கிராமத்து வைத்தியரின் கதை. வாசித்து முடித்த வயசாளிகள் சிலர் மேசைக்கு வந்து ஒன்றும் பேசாமல் புத்தகத்தை வைத்துவிட்டுப் போவார்கள். க.நா.சு. தமிழாக்கிய நட் ஹாம்சனின் ‘நிலவளம்’ விவசாயம் தெரிந்தவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது. நார்வேக்காரன் ஒருத்தன் காட்டைத் திருத்தி விதைக்கிறான். எங்கள் பக்கத்துச் சம்சாரிக்கு அதில் விளக்க வேண்டியது ஒன்றுமில்லை.

ஒரு மொழிபெயர்ப்பு கல்லும் முள்ளுமாக இருந்தால் மூல ஆசிரியரைத் திட்டாதீர்கள். வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

9. சிறுகதைத் தொகுப்பை ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

10. கவிதை பற்றி அதிகம் சொல்ல நான் ஆளில்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். குறுந்தொகையில் நானூறு பாட்டு. பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு அடிக்குள். நல்ல உரை உள்ள பதிப்பாக எடுத்து, காலையில் காப்பியோடு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்கு மேல் வரும். முதலில் உரை, பிறகு பாட்டு. இந்த வரிசை தமிழாசிரியர்களுக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

11. குறிப்பு எழுதுங்கள், புத்தகத்தில் எழுதாதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். புத்தகத்தின் பெயர், முடித்த தேதி, அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். விமர்சனம் வேண்டாம், ‘இரண்டாம் பாதி இழுவை’, ‘அந்தப் பாட்டி பாத்திரம் எங்க சித்தி’ என்ற அளவில் இருந்தால் போதும். ஒரு வருடம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் உங்கள் ருசி எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அடுத்த அலமாரியைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

நூலகப் புத்தகத்தில் பேனா படக் கூடாது. பக்க மூலையை மடிக்கக் கூடாது. பஸ் டிக்கெட் எதற்கு இருக்கிறது? என் காலத்தில் எரிச்சலூட்டிய ஒரு வாசகர், மர்ம நாவல்களின் முதல் பக்கத்தில் கொலையாளியின் பெயரைச் சிவப்பு மையால் எழுதி வைப்பார். யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் எழுதி வைத்த பெயர் சில சமயம் தப்பாகவும் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

12. இரவல் முதலில், விலைக்கு வாங்குவது பிறகு.

நீங்கள் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது. 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டம் போட்ட ஏற்பாடு இது. இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான். வாடகை வீட்டில் இருந்தாலும் அந்தப் பணம் உங்கள் வாடகைக்குள் இருக்கிறது. ஆகவே நூலகத்துக்குள் நுழையும்போது தயங்கி நிற்க வேண்டாம், அது உங்கள் காசு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகர் ஆனவர், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். எந்தப் புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார், அவரிடம் அதைக் கொண்டு சேர்ப்பது நூலகத்தின் பொறுப்பு என்பது அதில் ஒன்றின் சாரம். எங்களை வேலை வாங்குங்கள்.

இரவல் வாங்கிப் படித்து, திருப்பித் தரும்போது மனசு வலித்தால் அந்தப் புத்தகத்தை விலைக்கு வாங்குங்கள். புத்தகக் கண்காட்சிக்கு அந்த நோட்டோடு போங்கள். இல்லாவிட்டால் தள்ளுபடியில் கிடைத்தது என்று பை நிறைய வாங்கி, பரணில் போடுவீர்கள். பாரதி, கல்கி, புதுமைப்பித்தன் போன்றவர்களின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. விலையை மட்டும் பார்க்காமல், எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று நடுவில் ஒரு பக்கம் வாசித்துவிட்டு எடுங்கள். போனில் படிக்கத் தயங்காதவர்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், ஈழத்து எழுத்துக்கு ‘நூலக’மும் இருக்கின்றன. காசு கிடையாது.

13. பழைய புத்தகத்துக்குத் திரும்பிப் போங்கள்.

இருபது வயதில் ‘மோகமுள்’ படிக்கிறவர்களுக்குப் பாபுவும் யமுனாவும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். ஐம்பதில் படித்தால் ரங்கண்ணாவும் பாபுவின் அப்பாவும் முன்னால் வந்து நிற்பார்கள். பையனை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற அந்த அப்பாவை நானும் நாற்பத்தைந்துக்கு மேல்தான் பார்த்தேன்.

14. கடைசியாக, வேலை சம்பந்தமான ஒன்று.

தவணைத் தேதிக்குள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முடியவில்லை என்றால் கொண்டுவந்து புதுப்பித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கூச்சம் வேண்டாம். எடுக்கும்போது இரண்டாக எடுங்கள்: ஒன்று பிடித்த வகை, ஒன்று பக்கத்து அலமாரி. எங்கள் காலத்தில் கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் வியாழன் சாயங்காலம்தான் மேசையில் கூட்டம் நெரியும், அன்றைக்கு யாருக்கும் நிதானமாக யோசனை சொல்ல முடியாது. செவ்வாய், புதன் காலையில் வந்தால் நூலகர் சும்மா இருப்பார். உங்கள் ஊரில் எந்த நாள் விடுமுறை என்று கதவில் ஒட்டியிருப்பார்கள், பார்த்துக்கொண்டு போங்கள்.